தீயாத சட்டி

அந்த வீட்டில் சண்டை என்றால் தெருவில் எனக்குத்தான் முதலில் தெரியும். துணி சொல்லிவிடும். எதிர்ச்சாரியில் தகரக் கொட்டகை போட்டு இஸ்திரி தேய்க்கிறவன் நான். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் பதினொரு வருஷமாக ஒரே மூட்டையாகக் கட்டித்தான் துணி அனுப்பினார்கள். அண்ணன் சட்டை, தம்பி சட்டை, மூத்தவள் புடவை, இளையவள் ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போகும் மெரூன் சீருடை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஒரு திங்கட்கிழமை இரண்டு மூட்டை வந்தது. சரி, ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் பெண்டாட்டி மூத்தவள், தம்பி பெண்டாட்டி இளையவள், இரண்டு பேரையுமே எனக்குப் பிடிக்காது. மூத்தவள் நான் கொடுக்கும் துணியைப் பிரித்துப் போட்டு, பொத்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் வாங்குவாள். இளையவள் சீருடையில் மடிப்பு ஒரு விரல் தள்ளி விழுந்தால் அப்படியே திருப்பி அனுப்புவாள். ஆனாலும் பக்கத்தில் இருக்கிறவர்கள். வாடிக்கையைத் தூக்கி எறிய முடியுமா?

மூத்தவள் மிருக ஆஸ்பத்திரியில் பறவைப் பிரிவில் ஒன்பது வருஷம் உதவியாளாக இருந்தவள். டாக்டர் வேறு ஊருக்குப் போனதும் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அவள் புருஷன் லாரி ஓட்டி ஓட்டி முதுகுத்தண்டு தேய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டிடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டும், வீட்டில் பாதி நேரம் இருக்கமாட்டான். இளையவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்தாள். வருகிறவர்களுக்கு எல்லாம் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள்.

வேலை போன மூன்றாவது வாரம் மூத்தவள் கீழே இருந்த முன்னறையைக் காலி செய்து கழுவினாள். ஊருக்குப் போகிறவர்களின் பறவைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறாளாம். நாய்க்கு அப்படி இடம் இருக்கிறது, கிளிக்கு இல்லை என்று அவளுக்கு ஆஸ்பத்திரியிலேயே தெரியும். அங்கே வந்துபோன ஆட்களின் நம்பர் எல்லாம் கையில் இருந்தது.

முதல் கூண்டு வந்து இறங்கிய அன்று இளையவள் வாசலில் நின்றே ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த ரூம் எங்கம்மாவுக்குன்னு எப்பவோ பேசியாச்சு. மாடிப்படி ஏற முடியாதவங்க. அவங்கள எங்க வெக்கிறது, கூண்டுக்குள்ளயா?"

"உங்கம்மா வரும்போது பேசிக்கலாம். இப்ப என் அடுப்பு எரியணும்."

"உங்க அடுப்பு எரியறதுக்கு எங்கம்மா நடுத்தெருவுல நிக்கணுமா?"

"இப்ப என்ன, நடுத்தெருவுலயா நிக்கிறாங்க? உங்கண்ணன் வீட்டுலதான இருக்காங்க."

"இருக்காங்க. அங்க அவங்கள எப்படி நடத்துறாங்கன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுகிட்டே பேசுறீங்க பாருங்க."

அது உண்மைதான். அந்த அம்மா மகன் வீட்டில் சமையலறையில் பாய் போட்டுப் படுக்கிறாள் என்று தெருவுக்கே தெரியும். மூத்தவள் கூண்டுக்கு அடியில் செய்தித்தாளை இரண்டு மடிப்பாக மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு நாலு வார்த்தை கெட்ட வார்த்தையே பேசியிருக்கலாம்.

கடைசியில் தம்பிதான் நடுவில் வந்தான். கையில் கிரீஸ் வாடை போகாமல் என் மேசைப் பக்கம் நின்றுகொண்டு, ரெண்டு பேர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான்.

"அண்ணி, ஆறு மாசம் நடத்திப் பாருங்க. நல்லா நடந்தா ரூம் உங்களுக்கே. அத்தைக்கு நான் வேற வழி பாக்குறேன். ஆனா உங்க கையில ஒரு பறவை செத்தாலும் அன்னிக்கே ரூமைக் காலி பண்ணிடணும். சம்மதமா?"

"என் கையில சாகாது" என்றாள் மூத்தவள்.

"ரூம் கெடைக்கணும்னா ஒண்ணு சாகணுமாக்கும்" என்றாள் இளையவள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நல்லாயில்லை.

வேலையில் மூத்தவளைக் குறை சொல்ல முடியாது. காலையில் ஒவ்வொரு பறவையையும் சமையல் தராசில் நிற்கவைத்து எடை போடுவாள். ஒரு கிராம், இரண்டு கிராம் இறங்கினால்கூடத் தெரிந்துவிடும். எச்சத்தைக் குனிந்து பார்ப்பாள். அது பச்சையா வெள்ளையா தண்ணீராக இருக்கிறதா என்று. தினையைக் கழுவிக் காயவைத்து, ஊதித் தோலைப் பிரித்துப் போடுவாள். புதிதாக வரும் பறவையைக் குளியலறைக்குப் பக்கத்தில் தனியாகப் பத்து நாள் வைத்திருந்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்ப்பாள். மாலையானால் கூண்டுகளுக்குப் பருத்தித் துணி போர்த்துவாள். அந்தத் துணிகளை நான்தான் தேய்ப்பேன். "ஸ்ப்ரே அடிக்காதீங்கண்ணே, வாசனைத் தண்ணி தெளிக்காதீங்க, வெறும் சூடுதான் படணும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். மனுஷனுக்குக்கூட இவ்வளவு பார்த்தது கிடையாது.

வீட்டுக்கும் அதே சட்டம் வந்தது. சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். கொசுவத்தி கூடாது, சென்ட் கூடாது, பெயின்ட் கூடாது, நான்ஸ்டிக் சட்டியை அடுப்பில் வைக்கவே கூடாது. சமையலறை இரண்டு குடும்பத்துக்கும் பொது. ஆனால் நான்ஸ்டிக் சட்டி இளையவளுடையது. மூத்தவள் அதைக் கேட்காமல் எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள்.

அன்றைக்கு நான் துணி கொடுக்கப் போய் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

"என் சட்டிய யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"அதுல பூசியிருக்கிறது ரொம்பக் காஞ்சா ஒரு புகை வரும். நமக்கு ஒண்ணும் பண்ணாது. பறவை நெஞ்சுக்கு ஆகாது. பத்து நிமிஷத்துல முடிச்சிரும். ஆஸ்பத்திரியில நானே பாத்திருக்கேன், கூண்டோட கொண்டு வருவாங்க."

"நான் சட்டியக் காயவிட்டுட்டுப் போய் ஆடிக்கிட்டிருக்கப் போறேனா? மொத சம்பளத்துல வாங்கினதுக்கா அது. எங்கம்மா கைக்கு லேசா இருக்கணும்னு பாத்துப் பாத்து வாங்கினேன்."

"உங்கம்மா வந்தா எடுத்துத் தர்றேன்."

"எங்கம்மா வரக்கூடாதுன்னுதான இவ்ளோவும் பண்றீங்க!"

மூத்தவள் என் பக்கம் திரும்பி, "அண்ணே, அந்தச் சட்டையில காலர் சரியாப் படியல" என்றாள். இளையவள் முகம் சிவந்துபோய் மாடிக்கு ஏறினாள். ஏறும்போது சொன்னது எனக்கும் கேட்டது, மூத்தவளுக்கும் கேட்டது.

"செத்தா சாகட்டும்."

ஐந்தாவது மாதம் அந்தச் சாம்பல் கிளி வந்தது. ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை வளர்த்தது. முழங்கால் ஆப்பரேஷனுக்காக மகள் இருக்கும் ஊருக்குப் போகிறாள், நாற்பது நாள் ஆகும். இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்த கிளியாம். கூண்டை வைத்துவிட்டு வாசல்வரை போனவள் இரண்டு தடவை திரும்பி வந்தாள். அந்தக் கிளிக்கு இரண்டே பேச்சுதான். "உக்காரு" ஒன்று, "கதவச் சாத்து" ஒன்று. ஆள் போனாலும் வந்தாலும் "உக்காரு" என்று அதட்டும். தெருவில் அதற்கு வாத்தியார் என்று பேர் விழுந்துவிட்டது.

இளையவளுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. "ஷிப்டுக்கு நேரமாச்சேன்னு ஓடுறவளப் பாத்து உக்காருங்குது. யார் சொல்லிக் குடுத்ததுன்னு எனக்குத் தெரியாதா?" என்று என்னிடம் வந்து பொருமினாள். அது வரும்போதே அப்படித்தான் பேசிக்கொண்டு வந்தது என்று சொன்னேன். கேட்கிற நிலையில் அவள் இல்லை.

வாத்தியார் நல்லபடியாகத் திரும்பிப் போய்விட்டால் ஆறு மாதக் கெடுவும் முடிந்துவிடும். முன்னறை மூத்தவளுக்கு. அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள், இளையவளும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கெடு முடியப் பதினாறு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. என் கொட்டகைத் தகரம் ஒழுகி, மேசை நடுவில் தண்ணீர் சொட்டியது. காலை எட்டு மணி இருக்கும். மூத்தவள் கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, மேசையக் கொண்டாந்து எங்க நடையில போட்டுக்கோங்க. கூண்டுத் துணியெல்லாம் ஈரமாவே கெடக்கு. மொதல்ல அதத் தேச்சுக் குடுத்துட்டு உங்க வேலையப் பாருங்க. மழை விட்டதும் கிளம்பிடணும்."

உபகாரத்தைக்கூட அப்படித்தான் செய்வாள். நான் மேசையைத் தூக்கிக்கொண்டு போய், வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற நடையில் போட்டேன். முன்னறைக்குத் தெருப் பக்கம் ஒரு ஜன்னல், இன்னொரு ஜன்னல் அந்த நடையில் திறக்கும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வாத்தியார் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, "உக்காரு" என்றது. நின்றுகொண்டு தேய்க்கிற தொழில்டா என்னுடையது என்றேன்.

இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் மாட்டுகிற கறுப்புத் தட்டு ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் ஷூ என்போம். அதை மாட்டினால் கறுப்புத் துணியில் பளபளப்பு விழாது, நைலான் ஒட்டாது. போன வாரம்தான் புதிதாக வாங்கி மாட்டியிருந்தேன். துணிகள் கனத்த ஈரம் என்பதால் சூட்டை முழுசாகத் திருகி வைத்தேன்.

சமையலறையில் இளையவள் இருந்தாள். முட்டை பொரிகிற சத்தம் கேட்டது. அந்தச் சட்டியை அவள் பரணிலிருந்து இறக்கியிருந்தது எனக்கு அப்போது தெரியாது. சாப்பிட்டுவிட்டு, சீருடை மாற்ற மாடிக்குப் போனாள்.

இரண்டு துணி தேய்த்திருப்பேன். குளியலறையில் தடாலென்று சத்தம். அண்ணன்காரர் ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். மூத்தவள் ஓடினாள், நானும் பெட்டியை அணைக்காமல் அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினேன். நல்ல கனமான ஆள். முதுகைத் தொட்டால் அலறுகிறார். போர்வையை அடியில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் போட்டு, தலைக்கு அணை வைத்து முடிக்கக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நடைக்குத் திரும்பினால் தீய்ந்த வாசனை. பெட்டியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதுதான் முன்னறைக்குள் எதுவோ பொத்தென்று விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

மூத்தவள் உள்ளே ஓடிப்போய் ஜன்னலையெல்லாம் திறந்தாள். லவ்பேர்ட்ஸ் நாலும் கூண்டின் அடியில் கிடந்தன. கொண்டை வைத்த காக்கட்டில் கிளி இரண்டும் இறக்கையை விரித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடின. அவள் கூண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு மழையில் வாசலுக்கு ஓடினாள். கடைசியாக வாத்தியாரைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தாள். நெஞ்சோடு அணைத்து, மழை படாமல் தலையைக் குனிந்து மறைத்துக்கொண்டு, "மூச்சு விடு, மூச்சு விடு ராசா" என்று அழுதாள். அது அலகைத் திறந்தது. பேச்சு வரவில்லை. அவள் கட்டைவிரலை இறுகப் பிடித்திருந்த நகம் தானாகவே விட்டது. அவளைப் பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஏழும் போய்விட்டன. சத்தம் கேட்டு இளையவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மூத்தவள் நடைக்கு வந்து, மேசைமேல் இருந்த என் பெட்டியை ஒரு தடவை பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நேராகச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் அந்தச் சட்டி இருந்தது.

"இது எப்படி எறங்கி வந்துச்சு?"

இளையவள் சட்டியையும் வாசலில் கிடந்த கூண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல? எப்படிடி எறங்கி வந்துச்சு?"

"ரெண்டு முட்டை பொரிச்சேங்கா. அவ்ளோதான். தீயவே இல்ல. பாருங்க, சட்டியப் பாருங்க."

"செத்தா சாகட்டும்னு சொன்னியே, சொன்ன மாதிரியே பண்ணிட்டியே! கொலைகாரி! ஏழு உயிரு!"

"கோவத்துல சொன்னதுக்கா அது! எறக்கினது தப்புதான். ஒத்துக்கிறேன். ஆனா தீயல. சத்தியமாத் தீயல."

"தீயலையா? அண்ணே, நீங்க இங்கயே இருந்தீங்க. நீங்களே சொல்லுங்க. தீஞ்ச வாசனை வந்துச்சா, இல்லையா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வந்துச்சு" என்றேன்.

பொய் சொல்லவில்லை. என் பெட்டியும் தீய்ந்தது என்று அதோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தோன்றியது. பெட்டி தீய்ந்தால் பறவை சாகுமா என்ன, இது எதற்கு நடுவில் என்று விட்டுவிட்டேன்.

அன்று தம்பி வருவதற்குள் மூத்தவள் என்னிடம் வந்து, "மேசைய எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே, மழை விட்டுருச்சு" என்றாள். விடவில்லை, தூறிக்கொண்டுதான் இருந்தது. தம்பி வந்து எல்லாவற்றையும் கேட்டான். பெண்டாட்டியைப் பார்த்து, "ஒரு சட்டிக்காகவாடி?" என்றான். அதற்கப்புறம் அவளோடு முகம் கொடுத்துப் பேசியதை நான் பார்க்கவில்லை.

தலைமையாசிரியை தாங்குகட்டையை ஊன்றிக்கொண்டே வந்தாள். மூத்தவள் காலில் விழாத குறையாக நின்று, சட்டிக் கதையைச் சொன்னாள். அந்த அம்மா மாடியைப் பார்த்து, "கீழ எறங்கி வாடி" என்று கூப்பிட்டாள். இளையவள் வந்தாள். "நீயெல்லாம் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, காலிக் கூண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செத்தது மூத்தவள் கையில் இல்லை என்று தீர்மானமாகிவிட்டதால் முன்னறை அவளிடமே இருந்தது. இளையவளின் அம்மாவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கருகிப்போன ஷூவுக்குப் பதில் வேறு வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். கடைக்காரன் பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இப்பிடிக் காயவிட்டா எப்படிங்க? சட்டியில பூசுறாங்களே, நான்ஸ்டிக், அதேதான் இதுவும். புகை நல்லதில்ல. வீட்டுல குருவி, கிளி இருக்கா? இருந்தா அதுங்களுக்குச் சுத்தமா ஆகாது."

வேறு ஷூ வாங்காமலே திரும்பினேன். அந்தக் கருகினதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நேராக மூத்தவளிடம் போனேன். முன்னறையில் புதிதாக இரண்டு கூண்டு வந்திருந்தன. அவள் செய்தித்தாள் கிழித்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன்.

"இதுலதான்மா... இதுவும் அந்தச் சட்டிப் பூச்சுதானாம்."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். பெட்டியப் பாத்தேன்ல. ஒம்பது வருஷம் சும்மாவா இருந்தேன்?"

"பின்ன எதுக்கும்மா அந்தப் பொண்ண..."

"அவ சட்டிய எறக்கினாளா இல்லையா? சாகட்டும்னு சொன்னாளா இல்லையா?"

"அவ கொல்லலியே!"

"அப்ப நான் கொன்னேன்னு சொல்லணுமா? உங்களக் கூப்பிட்டு நடையில உக்கார வெச்சது நானு. பெட்டிக்கு அடியில என்ன மாட்டியிருக்கீங்கன்னு பாக்காம விட்டதும் நானு. ஊருக்கெல்லாம் சட்டம் எழுதி ஒட்டுனவ. இது வெளிய தெரிஞ்சா ரூம் அவளுக்கு. இந்த மனுஷன் எந்திரிச்சு உக்காரவே ரெண்டு பேர் வேணும். நான் எங்க போவேன், சொல்லுங்க?"

அவள் காகிதம் கிழிப்பதை நிறுத்தவில்லை.

"போய்ச் சொல்லணும்னா தாராளமாச் சொல்லுங்க. ஏழு பறவைக்கும் உங்க பேரச் சொல்லிடுறேன். ஒவ்வொருத்தர் வாசல்லயும் நீங்க போய் நில்லுங்க. அப்புறம் இந்தத் தெருவுல எவன் உங்ககிட்ட துணி போடுறான்னு பாக்கலாம்."

பொட்டலத்தை மறுபடி சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அந்த மாதக் கடைசியில் தம்பி ஊரின் அந்தக் கோடியில் வீடு பார்த்துவிட்டான். மூன்றாவது மாடி. அவள் அம்மா ஏறவே முடியாத வீடு. சாமான் ஏற்ற வேன் வந்து நின்றது. இளையவள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, தெருவைக் கடந்து என் கொட்டகைக்கு வந்தாள். கையில் அந்தச் சட்டி.

"இத நீங்க வெச்சுக்கோங்கண்ணே. குப்பையில போட மனசு வரல. கொண்டு போய் அடுப்புல வெக்கவும் கை வரல."

"தீயலன்னு சொன்னியேம்மா."

"அப்பிடித்தான் நெனச்சேன். இப்ப யோசிச்சா, மாடிக்குப் போகும்போது அடுப்ப அணைச்சேனா இல்லையான்னே தெரியலண்ணே. அணைச்சேன்னுதான் இருக்கு. ஆனா எல்லாரும் சொல்லும்போது எனக்கே சந்தேகமாப் போச்சு. அக்கா வேணும்னா கோவத்துல சொல்லுவாங்க. நீங்களே வாசனை வந்துச்சுன்னீங்க. உங்களுக்கு என் மேல என்ன பகை?"

சட்டியை வாங்கினேன். லேசாகத்தான் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கருகல் இல்லை, ஒரு கீறல் இல்லை. வாங்கின அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருந்தது. என் மேசைக்கு அடியில், காகிதப் பொட்டலம் என் காலில் இடித்துக்கொண்டு கிடந்தது. எதிரே முன்னறை ஜன்னலில் மூத்தவள் கூண்டுக்குத் துணி போர்த்துகிறவள் போல நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைய வாசனையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"சொல்லுங்கண்ணே, ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்றாள் இளையவள்.

"ஒண்ணுமில்ல. வெச்சுட்டுப் போம்மா" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்த வீட்டிலிருந்து ஒரே மூட்டைதான் வந்தது.